தலைவிதியும் சாலைவிதியும்

விதி என்னும் சொல்லை நம்மவர் இரு பொருளில் வழங்குகின்றனர். பிரமன் தலையில் எழுதியதாகச் சொல்லப்படும் எழுத்து ஒன்று. மனிதர் கூடி ஆராய்ந்து, இன்னது செய்க, இன்னது செய்யற்க என்று தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு மற்றொன்று. முன்னதை யாராலும் மாற்ற முடியாது என்பர். பின்னதையோ மனிதர் ஆக்கியது போலவே திருத்தவும் கூடும். சாலையில் ஒருவன் அடிபட்டு மாண்டான் என்னும் செய்தி வந்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு யாது? அவன் விதி முடிந்தது என்பதே. வண்டி என்ன வேகத்தில் வந்தது, விளக்கு எரிந்ததா, வளைவில் பார்வை மறைந்ததா, ஓட்டியவன் குடித்திருந்தானா என்று கேட்போர் மிகச் சிலரே. முதல் விதியின்மீது பழியைச் சுமத்திவிட்டால், இரண்டாம் விதியைப் பற்றி எண்ணவேண்டிய வேலை ஒழிந்துவிடுகிறது அன்றோ!

அந்த இரண்டாம் விதி எப்படிப் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, சைக்கிள்காரனுக்கும் மோட்டார்காரனுக்கும் இடையே அது எவ்வாறு நியாயம் வழங்க முயன்றது என்பதை ஈண்டு ஆராய்வோம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சாலைச் சட்டம் பிரிட்டனிலிருந்து வந்தபடியால், பிரிட்டனின் கதையையே முதன்மையாக எடுத்துக்கொள்வோம்.

இடப்பக்கம் வந்த வரலாறு

இடப்பக்கமாகச் செல்க என்பது நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே பழகிப்போன விதி. இஃது எந்த வேதத்திலும் கூறப்பட்டதன்று. லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின்மீது நெடுங்காலம் ஒரே பாலந்தான் இருந்தது. அதன்மேல் இருமருங்கும் வீடுகளும் கடைகளும் நிறைந்திருந்தன. நடுவே எஞ்சிய குறுகிய வழியில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றன. ஆகவே 1722-ஆம் ஆண்டில் அந்நகரின் மேயர், நகருக்குள் வரும் வண்டிகள் ஒரு பக்கமும் வெளியே செல்லும் வண்டிகள் மறுபக்கமும் செல்லவேண்டும் என்று கட்டளையிட்டு, அதைக் கண்காணிக்க மூன்று ஆட்களையும் நியமித்தார். ஒவ்வொருவரும் தத்தம் இடப்பக்கத்தைப் பற்றிச் செல்வதே அக்கட்டளையின் பயன். 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் உரிய விதியாக்கிற்று. நடைபாதையில் வண்டி ஓட்டலாகாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

இடம் சிறந்ததா, வலம் சிறந்ததா என்பது கேள்வியன்று. எல்லாரும் ஒன்றையே கைக்கொள்ளுவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டார் இடப்பக்கமாகவே சென்று வந்தனர். 1955-இல் பொதுமக்களின் வாக்கைக் கேட்டபோது நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் மாற்றம் வேண்டாம் என்றனர். ஆயினும் சுற்றியுள்ள நாடுகள் வலப்பக்கம் செல்வதால் எல்லையில் நேரும் கேட்டை உணர்ந்த அரசாங்கம், 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது. வழக்கம் என்பது மனிதன் ஏற்படுத்தியது, அறிவுக்குப் பொருந்தினால் மனிதனே அதை மாற்றலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

சைக்கிளே மூத்தது

சாலை மோட்டாருக்கென்று போடப்பட்டது, சைக்கிள்காரன் இடையில் புகுந்தவன் என்றொரு எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. இன்று நாம் காணும் வடிவில், சமமான இரு சக்கரமும் பின்சக்கரத்துக்குச் சங்கிலியும் கொண்ட சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 1885-இல் இங்கிலாந்தில் கொணர்ந்தார். சாலைகள் அக்காலத்தில் மிகவும் சீர்கெட்டுக் கிடந்தன. புகைவண்டி வந்தபின் நெடுஞ்சாலையைக் கவனிப்பார் இல்லை. குழியும் சேறும் நிறைந்த அச்சாலைகளைத் திருத்துக என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் சைக்கிள்காரர்களே. 1886-இல் அவர்கள் சாலைத் திருத்தச் சங்கம் என ஒன்றை நிறுவி, நல்ல சாலை போடும் முறையைத் துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினர். மோட்டார் வண்டி பிரிட்டனில் ஓடத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரே.

1888-ஆம் ஆண்டில் இரு காரியங்கள் நிகழ்ந்தன. ஒன்று, பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றிய சட்டமொன்று சைக்கிளும் ஒரு வண்டியே என்று தீர்த்துரைத்தது. இதனால் சைக்கிள்காரனுக்குக் கடமைகள் ஏற்பட்டன. இரவில் விளக்கேற்ற வேண்டும், பிறரைக் கடக்கும்போது மணியடிக்க வேண்டும். கடமையோடு உரிமையும் வந்தது. வண்டி என்றானபின், பிற வண்டிகளைப்போல அதுவும் சாலையில் செல்ல உரியதாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட தடைகளை விதித்து அதை விலக்கி வைப்பது இயலாமற் போயிற்று. மற்றொன்று, பெல்பாஸ்டு நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மைந்தனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து உரிமைப் பட்டயம் பெற்றார்.

இந்த இரண்டாவது காரியத்தில் நம்மவரின் வரலாறு பின்னிக் கிடக்கிறது. முதலில் சைக்கிளுக்கும் பின்பு மோட்டாருக்கும் டயர் வேண்டியிருந்தமையால் உலகில் ரப்பருக்குப் பசி எடுத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். 1910-ஆம் ஆண்டளவில் ரப்பர் விலை வானளாவியது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கப்பல் கப்பலாகத் தமிழர் வந்து இறங்கினர். அவர்கள் விடியுமுன் எழுந்து வெட்டி எடுத்த பாலே உலகத்துச் சாலைகளில் சக்கரமாக உருண்டது. மலாயாவின் சாலைகளுக்குக் கல் உடைத்துத் தார் ஊற்றியவர்களிலும் தமிழர் பலர். ஆகவே சாலையைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை என்று எவரும் கேட்க வேண்டுவதில்லை.

சிவப்புக் கொடி வீழ்ந்தது

இனி மோட்டாரின் கதைக்கு வருவோம். நீராவியால் ஓடும் கனத்த வண்டிகள் சாலைக்கு வந்தபோது பார்லிமெண்டு அஞ்சியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊர்களில் 2 மைலும் மட்டுமே செல்லலாம் என்றது. மேலும், வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்றும் விதித்தது. 1878-இல் கொடி போயிற்று. ஆயினும் முன்னே ஆள் நடக்கும் வழக்கம் எஞ்சியது. 1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் சிறு மோட்டார் வண்டிகளுக்கு அந்த ஆளையும் நீக்கி, 14 மைல் வேகம் வரை இடம் தந்தது. அதிகாரிகள் அதனை 12 மைலாகக் குறைத்தனர். விடுதலை பெற்றோம் என்று மோட்டார்க்காரர்கள் அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகச் சென்றனர்.

அதற்கு மூன்று மாதம் முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், லண்டன் கிரிஸ்டல் பாலஸ் பூங்காவில் நடந்து சென்ற பெண்மணி ஒருவர் மோட்டார் மோதி உயிர் துறந்தார். பிரிட்டனில் மோட்டாரால் மாண்ட முதல் பாதசாரி அவரே. விசாரணை நடத்திய அதிகாரி, இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நிகழாதிருக்கட்டும் என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது. அவ்வாசை எவ்வளவு நல்லது! எவ்வளவு வீணாயிற்று!

1903-ஆம் ஆண்டுச் சட்டம் வேகத்தை 20 மைலாக உயர்த்தியது. வண்டிக்கு எண்ணும் ஓட்டுபவனுக்கு லைசென்சும் வேண்டும் என்றது. ஆனால் ஓட்டத் தெரியுமா என்று எவரும் சோதிக்கவில்லை; பணம் கட்டியவனுக்கு லைசென்சு கிடைத்தது. வேக வரம்பையோ மோட்டார்க்காரர் மதிக்கவில்லை. ஊரார் மீறும் சட்டம் சட்டத்துக்கே இழுக்கு என்று வாதித்து, 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கிருந்த வேக வரம்பை அடியோடு எடுத்துவிட்டது. திருடர் மிகுந்தமையால் திருட்டுக்குத் தண்டனை வேண்டாம் என்பது போன்ற வாதம் இது. அச்சட்டம் செய்த நன்மைகளும் உண்டு. அடிபட்ட மூன்றாம் ஆளுக்கு ஈடு கிடைக்கும்படி மோட்டார்க்காரர் அனைவரும் இன்ஷூரன்ஸ் செய்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. அச்சட்டத்தின்படியே 1931 ஏப்ரல் 14-இல் சாலை ஒழுக்க நூல் என்னும் சிறு புத்தகம் ஒரு பென்னி விலைக்கு வெளிவந்தது. மோட்டார்க்காரன், சைக்கிள்காரன், பாதசாரி, குதிரை வண்டிக்காரன் ஆகிய அனைவருக்கும் ஒரே புத்தகம். குதிரை வண்டிக்காரன் சாட்டையால் எவ்வாறு சைகை காட்டவேண்டும் என்பதும் அதில் இருந்தது. அந்நூலின் அறிவுரைகளை மீறுவது தானே குற்றமாகிவிடாது. ஆனால் விபத்து வழக்கில் ஒருவன் தவறினானா என்று தீர்ப்பதற்கு அது சான்றாகக் கொள்ளப்படும்.

ஆயினும் புத்தகம் மட்டும் உயிரைக் காக்கவில்லை. 1934-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களில் 1,500-க்கு மேற்பட்டோர் சைக்கிள்காரர். அன்று நாட்டிலிருந்த மோட்டார் வண்டிகளோ ஏறத்தாழ 25 லட்சமே. போக்குவரத்து மந்திரியாக வந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, பாதசாரி கடக்குமிடங்களில் மஞ்சள் உருண்டை தாங்கிய கம்பங்களை நிறுத்தினார். 1935 மார்ச் 18 முதல் வீடுகள் நிறைந்த இடங்களில் 30 மைல் வரம்பு மீண்டது. அதே ஆண்டு ஜூன் 1 முதல் புதிதாக ஓட்டக் கற்றவர் தேர்வு எழுந்து தேறியே ஆகவேண்டும் என்று ஆயிற்று.

ஒதுக்குவதா, காப்பதா?

அக்காலத்தே எழுந்த ஒரு வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. 1934 டிசம்பரில் லண்டனுக்கு மேற்கே ஒரு பெருஞ்சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை திறக்கப்பட்டது. சைக்கிள் சங்கத்தார் அதை வரவேற்கவில்லை, எதிர்த்தனர். நம்மைக் காப்பதற்காக அன்று, மோட்டாருக்கு வழிவிடுவதற்காகவே நம்மை ஒதுக்குகின்றனர், இன்று ஓரத்தில் பாதை தந்தவர்கள் நாளை சாலையிலேயே வரக்கூடாது என்பர் என்று அவர்கள் அஞ்சினர். பின்விளக்கு பற்றிய வாதமும் அத்தகையதே. முன்னே செல்பவனைப் பார்த்து ஓட்டுவது பின்னே வருபவன் கடமை. அக்கடமையை அடிபடுபவன் தலையில் ஏற்றுவதா என்று அவர்கள் கேட்டனர்.

அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. பொதுச் சாலையில் ஒரு வகுப்பாரை ஒதுக்குவது எவ்வளவு கொடியது என்பதை நாம் அறிவோம். 1924-ஆம் ஆண்டில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒரு சார் மக்கள் நடக்கலாகாது என்னும் கொடுமையை எதிர்த்துப் பலர் சிறை புகுந்தனர், ஈ.வெ. ராமசாமி அவர்களும் சிறையிருந்தார். நாயும் மாடும் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கலாகாதா என்பதே அன்றைய வினா. தெரு எல்லாருக்கும் உரியது என்பது முதற்படி. உரிய தெருவில் ஒருவன் உயிரோடு நடந்து வீடு சேர முடிகிறதா என்பது இரண்டாம் படி. உரிமை ஏட்டில் இருந்து, உடல் சக்கரத்தின் அடியில் கிடக்குமாயின், அவ்வுரிமையால் பயன் யாது?

ஆயினும் விளக்கைப் பற்றிய வாதத்தில் நிகழ்ச்சிகள் வேறு பாடம் புகட்டின. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டன் முழுவதும் இருட்டடிப்பு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, வண்டி விளக்குகள் மூடப்பட்டன. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து கார்கள் குறைந்தன. அப்படியிருந்தும் 1941-இல் சாலையில் மாண்டவர் 9,169 பேர். பிரிட்டனின் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் ஓராண்டில் மாண்டதில்லை. கண்ணுக்குத் தெரியாதவனை எந்த நல்லவனும் காக்க முடியாது. விளக்குப் பொருத்துவது அடிமைத்தனம் அன்று. நான் இங்கே இருக்கிறேன் என்று உரிமையோடு அறிவிப்பதே அது.

கணக்கு சொல்லும் நீதி

வேகத்தைப் பற்றி வாதிப்போர் ஒரு சிறு கணக்கை அறிதல் வேண்டும். ஓட்டுபவன் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி சிறிது தூரம் ஓடிவிடுகிறது. மிதித்தபின் நிற்பதற்கும் தூரம் வேண்டும். வேகம் இரு மடங்கானால் முதல் தூரம் இரு மடங்காகும். இரண்டாம் தூரமோ நான்கு மடங்காகும். பிரிட்டிஷ் ஒழுக்க நூலின் கணக்குப்படி மணிக்கு 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். 60 மைலில் 73 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் பிரேக்குக்கு வேண்டிய தூரம் இரட்டிப்பாகும். மழை ஓயாத நம் நாடுகளில் இக்கணக்கை மறந்து ஓட்டுபவன் பிறர் உயிரைச் சூதாட்டத்தில் வைப்பவனே.

சைக்கிள்காரனுக்கு நேரும் ஆபத்துகளில் மூன்றைக் குறிப்போம். ஒன்று, நெருங்கிக் கடத்தல். சைக்கிள் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. காற்றும் குழியும் அதைச் சற்று அசைக்கும். ஆகவே கடப்பவன் 1.5 மீட்டராவது இடம் விட்டுக் கடக்க வேண்டும். இடமில்லையேல் பின்னே பொறுத்து வரவேண்டும். இரண்டு, நிற்கும் காரின் கதவு. பாராமல் திறந்த கதவில் மோதி விழுபவன்மேல் பின்வரும் லாரி ஏறிவிடும். வலப்பக்கம் அமர்ந்த ஓட்டி வலக்கையால் திறவாமல் இடக்கையால் கதவைத் திறப்பானாயின், அவன் உடலும் தலையும் தாமே பின்புறம் திரும்பும்; வருபவன் கண்ணில் படுவான். சைக்கிள்காரனும் நிற்கும் கார்களைவிட்டு ஒரு மீட்டர் தள்ளிச் செல்ல வேண்டும். மூன்று, இடப்பக்கம் திரும்பும் லாரி. உயரத்தில் இருக்கும் ஓட்டிக்குத் தன் இடப்பக்கம் அடியில் நிற்பவன் தெரிவதில்லை. ஆகவே சந்தியில் லாரியின் இடப்பக்கத்து இடைவெளியில் சைக்கிளை நுழைப்பது தகாது. லாரிக்காரனும் கண்ணாடியைப் பாராமல் திரும்புதல் தகாது.

தாய்மார் எழுந்த நாடு

நெதர்லாந்து இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு. அங்கே மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் மிகுதி. இஃது அந்நாட்டாருக்குப் பிறவியிலேயே வந்த வரம் என்று எண்ணுவது பிழை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கும் கார்கள் பெருகின, சைக்கிள் பாதைகள் அழிக்கப்பட்டன, தெருக்கள் அகலமாயின. 1971-ஆம் ஆண்டில் மட்டும் 3,000-க்கு மேற்பட்டோர் சாலையில் மடிந்தனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் அதனைத் தலைவிதி என்று ஏற்கவில்லை. குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கித் தெருவில் அமர்ந்தனர். விபத்து என்று பிறர் சொன்னதை அவர்கள் கொலை என்றனர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாதென்று அரசாங்கம் தடுத்தபோது, கார் இல்லாத தெரு எத்தகையது என்பதை மக்கள் கண்ணாரக் கண்டனர். அதன்பின் தனிப் பாதைகள், வேகம் குறைந்த குடியிருப்புத் தெருக்கள் ஆகியவை படிப்படியாக எழுந்தன. ஓட்டுபவர்மீது அந்நாட்டுச் சட்டம் கனத்த பொறுப்பையும் சுமத்தியது. 14 வயதுக்குட்பட்ட சிறுவரை மோதியவர், சிறுவர்மீது தவறிருப்பினும், பெரும்பாலும் முழு ஈட்டையும் தந்தாக வேண்டும்.

இங்கே ஒதுக்குவதா, காப்பதா என்னும் பழைய வழக்குக்கு ஒரு விடை கிடைக்கிறது. சைக்கிள்காரனைக் குறுகிய ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மோட்டாருக்கு வேகம் தருவது ஒதுக்கல். அவனுக்கு நல்ல அகன்ற பாதை தந்து, சந்திகளில் அவனுக்கு முதலிடமும் தந்து, மோட்டாரின் வேகத்தையும் அடக்குவது காப்பு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் நோக்கம் வேறு, பயனும் வேறு.

வலியவனுக்கே கடமை மிகுதி

1865-இல் சிவப்புக் கொடியோடு தொடங்கிய பிரிட்டிஷ் வரலாறு 2022-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் ஒரு முக்கியமான படியை எய்தியது. அன்று திருத்தி வெளியிடப்பட்ட ஒழுக்க நூல், பிறருக்கு மிகுந்த தீங்கு செய்யக்கூடியவருக்கே மிகுந்த பொறுப்பு என்று வரிசைப்படுத்தியது. லாரிக்காரன் பொறுப்பு எல்லாரினும் பெரிது, அடுத்துக் கார்க்காரன், பின்பு மோட்டார் சைக்கிள்காரன், சைக்கிள்காரனும் பாதசாரியைக் காக்கக் கடமைப்பட்டவன். ஆனால் பொறுப்பு எல்லாருக்கும் உண்டு. அந்நாட்டில் மோட்டார் வண்டிகள் 4 கோடியாகப் பெருகியும், 2023-இல் சாலையில் மாண்டவர் 1,700-க்கும் குறைவு. 25 லட்சம் வண்டிகள் இருந்த காலத்தில் மாண்டவர் 7,000-க்கு மேல் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதரின் தலையெழுத்தா இடையில் மாறியது? மாறியவை சட்டமும், சாலையும், வண்டியும், வைத்தியமும், மனிதரின் பழக்கமும் அல்லவா!

சிங்கப்பூரில் 2019 பிப்ரவரி முதல் சாலையில் செல்லும் சைக்கிள்காரர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. 2022 ஜனவரி முதல், இருவர் இருவராகச் செல்லும் கூட்டம் பத்துப் பேரையும், ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் கூட்டம் ஐந்து பேரையும் மிஞ்சலாகாது என்று வகுக்கப்பட்டது. கடக்கும் ஓட்டிகள் 1.5 மீட்டராவது விலகுக என்றும் அறிவுறுத்தப்பட்டது. மலேசியாவிலோ நிலைமை இன்னும் கடுமையாகவே இருக்கிறது. பிரிட்டனின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதி மட்டுமே கொண்ட அந்நாட்டில், 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 6,000-க்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர். ஆலைக்கும் தோட்டத்துக்கும் கடைக்கும் வேலைக்குச் செல்வோர் ஏறும் வண்டி அதுவே. 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி அமைத்து உலகுக்கு முன்னோடியாக நின்ற நாடு அது. வழி தெரியாத நாடு அன்று. தெரிந்த வழியை எல்லாச் சாலைக்கும் விரிக்கவேண்டிய நாடு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகமெங்கும் சாலையில் மடிந்தோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்வோரும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்வோருமே. அஃதாவது, சுற்றிலும் இரும்புக் கூடு இல்லாத எளியவர்களே.

ஆதலின் தோழர்களே, அடுத்த முறை சாலையில் ஒருவர் மாண்ட செய்தி உங்கள் காதில் விழும்போது, அவர் விதி முடிந்தது என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். எந்த விதி மீறப்பட்டது என்று கேளுங்கள். விதியே இல்லாதிருந்தால், ஏன் இல்லை என்று கேளுங்கள். உங்கள் ஊர்ச் சந்தியில் விளக்கில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தின் முன் வேகத்தடை இல்லை என்றால் கூடிக் கேளுங்கள். இன்றிரவு உங்கள் மகனின் சைக்கிளில் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். காரில் சாவியைத் திருப்புமுன், சாலையில் நம்மினும் எளியவன் வருவான் என்பதை நினையுங்கள்.